வைக்கவா, கொடுக்கவா

எங்கள் ஆட்டம் ஒரே ஆட்டம்.
களஞ்சியத்தின் காலில் பந்து விழும்,
களஞ்சியம் ஓடுவான்.
மீதிப் பத்துப் பேரும்
அவன் முதுகைப் பார்த்தபடி பின்னால் ஓடுவோம்.

தங்கச்சிமடத்து மணலில் வளர்ந்த கால்.
கணுக்கால் புதையப் புதைய ஓடிப் பழகியவனுக்குக்
கட்டாந்தரை என்றால் பறக்கிற மாதிரி.
இரண்டு வருடம் அதுவே போதுமாயிருந்தது.
பிறகு ஊர் ஊராகத் தெரிந்துபோயிற்று.
பெரியபட்டினத்தில் அவனுக்கு நான்கு பேர் போட்டார்கள்.
வாலிநோக்கத்தில் ஐந்து.
தேவிபட்டினத்தில் கோல்கீப்பர் தவிர எல்லாரும்
அவன் ஒருத்தன்மேல் அப்பிக்கொண்டார்கள்,
செத்த மீனில் நண்டு மாதிரி.

மூன்று தோல்வி.
டெம்போவில் திரும்பும்போது பேச்சில்லை.
உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நிற்கையில்
சீனி முகம்மது சொன்னான்:
"பாஸ் போடணும்டா."
எல்லாருக்கும் தெரிந்ததை
முதலில் சொன்னவனை
எல்லாரும் முறைத்தோம்.

பாஸ் போடுவது இங்கே லேசில்லை.
ஆடி மாதக் கச்சான்
வடகடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று.
உயரத் தூக்கினால் பந்து நம்முடையதில்லை.
போன வாரம் ஒன்று தண்ணீரில் விழுந்து
மிதந்து மிதந்து புள்ளியாகிப் போனது.
"எல்லை தாண்டிட்டா
பந்தையும் பிடிச்சு வச்சுக்குவானுங்க"
என்றான் சந்தியாகு.
சிரித்தோம். சட்டென்று நிறுத்தினோம்.
அவன் அண்ணனின் படகு
இன்னும் அந்தக் கரையில்தான் நிற்கிறது.

ஆகவே தரையோடு தரையாக.
இரண்டு கம்புக்கு நடுவே
முழங்கால் உயரத்தில் நைலான் கயிறு கட்டி
அதற்குக் கீழே தட்டினோம்.
ஆளுக்குத் தட்டாதே,
ஆள் வரப்போகிற இடத்துக்குத் தட்டு.
சொன்னது நான்; பகலில் ஐஸ் கம்பெனி,
சாயங்காலம் நடு மைதானம்.
என் கால் அவ்வளவு சுத்தமில்லை என்பதும்
எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

களஞ்சியத்திடம் ஓடாதே என்று
யாரும் சொல்லவில்லை.
ஓடு. எப்போதும்போல ஓடு.
எதிராளி மேலே விழப்போகிற அரை நொடியில்
அவன் இடுப்பைப் பார்.
உன்னிடம் வந்தால் கொடு.
விலகி நின்றால் வை.
"வைக்கவா கொடுக்கவான்னு
முன்னாடியே முடிவு பண்ணிட்டா என்ன?"
முன்னாடியே முடிவு பண்ணினால்
அவனுக்கும் முன்னாடியே தெரிந்துவிடும் களஞ்சியம்.
பிடிக்காத மருந்தைக் குடிக்கிறவன் மாதிரி
தலையாட்டினான்.

மறுபடி பெரியபட்டினம்.
நாற்பதாவது நிமிடம். அவர்கள் ஒன்று போட்டிருந்தார்கள்.
களஞ்சியம் ஓடினான்.
நால்வரும் வந்தார்கள்,
வழக்கம்போல, வரிசைகூட மாறாமல்.
விழப்போகிற நேரம் பார்த்து
பக்கவாட்டில் தட்டினான்.

என் முன்னால்
ஆளே இல்லாத தரை.
இவ்வளவு இடம் இந்த மைதானத்தில்
எங்கே ஒளிந்திருந்தது?
கோல்கீப்பரும் நானும்.
அடித்தேன்.
கம்பத்துக்கு வெளியே,
வெகு வெளியே,
பள்ளிவாசல் பக்கம் நிறுத்தியிருந்த பைக்குகள்மேல்.

அடுத்த தடவை அதே ஓட்டம்.
நால்வரில் இருவர் பாதியில் நின்று
என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
என்னை!
இருபதடி தள்ளி அடித்தவனை.
அந்தப் பார்வை திரும்பிய சந்துக்குள்
களஞ்சியம் போயே போய்விட்டான்.
யாருக்கும் கொடுக்கவில்லை.
கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று.
பாஸ் போட்டதா அந்தக் கோலை, ஓட்டம் போட்டதா என்று
உச்சிப்புளி தாண்டியும் டெம்போவில் சண்டை.
சீனி முகம்மது மட்டும்
பைக்கு கண்ணாடிக்கு எவ்வளவு ஆகும் என்று
கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தான்.

இன்று படகு போகிற நாள்.
களஞ்சியம், சந்தியாகு, இன்னும் மூவர் கடலில்.
மிச்சம் ஆறு பேர் கயிறு கட்டுகிறோம்.
அவன் எங்கே ஓடி வருவான் என்று
எனக்குத் தெரியும்.
அங்கே தட்டுகிறேன்.
பந்து உருண்டு போய்
வலைக்குவியலில் முட்டி நிற்கிறது.
நானே போய் எடுத்து வருகிறேன்.